பல் ஆடியதும் கால் தளர்ந்ததும்: ஒரு மூதாட்டியின் அழற்சியும் மூப்புத் தளர்ச்சியும் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோபிசெட்டிபாளையம் வட்டத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் விளையும் ஊர் ஒன்றில், தோட்டத்து வீட்டில் மகனோடும் மருமகளோடும் வாழும் 73 வயது மூதாட்டியைப் பற்றியது இந்தக் குறிப்பு. குடும்பத்தாரின் இசைவோடு எழுதப்படுகிறது. அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். மூதாட்டிக்கு 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்தது. அதற்கு நாளுக்கு 2 கிராம் மெட்ஃபார்மின் எடுத்துவந்தார். முழங்கால் தேய்மானத்துக்கு அவ்வப்போது மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிக்கொள்வார். இளவயது முதலே வெற்றிலை பாக்கோடு புகையிலை போடும் பழக்கமும் உண்டு.

2022 கோடை வரையில் வீட்டிலுள்ள இரண்டு கறவை மாடுகளையும் அவரே பார்த்துக்கொண்டார். விடியுமுன் கட்டுத்தரையைக் கூட்டிச் சாணி அள்ளுவது, வரப்பில் புல் அறுத்துக் கட்டாகத் தலையில் சுமந்து வருவது, இருவேளையும் பால் கறந்து சொசைட்டிக்குக் கொடுத்தனுப்புவது எல்லாம் அவர் வேலையாகவே இருந்தன. அதன்பின் ஓராண்டுக்குள் அவை ஒவ்வொன்றாக அவர் கையை விட்டுப் போயின. முதலில் புல்லுக்கட்டு நின்றது. பிறகு சந்தைக்குப் போவது நின்றது. பால் கறக்கையில் விரல் சோர்கிறதென்று அதையும் மருமகளிடம் விட்டார். 2023 சூனில் வாசற்படி இறங்கும்போது கால் பின்னி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் அந்த வீழ்ச்சி இல்லாவிட்டால் அவரை என்னிடம் அழைத்துவந்திருக்கவே மாட்டார்கள். "வயசாயிருச்சுங்க, இனி இப்படித்தானுங்களே இருப்பாங்க" என்றார் மகன். அதை அவர் அலட்சியமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்.

முதல் சந்திப்பில் கண்டவை

எடை 41.2 கிலோ. ஓராண்டுக்கு முன் ஊரில் நடந்த சர்க்கரை நோய் முகாமில் 46 கிலோ என்று அவருடைய நோட்டில் எழுதியிருந்தார்கள். முயலாமலே பத்து விழுக்காட்டுக்கு மேல் எடை குறைந்திருந்தது. பிடிவலிமைக் கருவியை வலக்கையால் அழுத்தியபோது 12 கிலோ காட்டியது. சார்கோபீனியா எனப்படும் தசை மெலிவுக்கான ஆசியப் பணிக்குழு 2019இல் பெண்களுக்கு வகுத்த எல்லை 18 கிலோ. நான்கு மீட்டரை வழக்கமான நடையில் கடக்க 6.7 வினாடி ஆயிற்று, அதாவது வினாடிக்கு 0.6 மீட்டர். கெண்டைக்காலின் சுற்றளவு 27 செ.மீ. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து இரண்டு முறை எழுந்தார். மூன்றாவது முறை முடியவில்லை. எந்த வேலையைத் தொட்டாலும் மலைப்பாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, "சீலையைத் துவைச்சுப் பிழியறதே பெரும்பாடா இருக்குதுங்க சாமி" என்றார்.

லிண்டா ஃபிரைடும் உடனாய்வாளர்களும் 2001இல் வகுத்த மூப்புத் தளர்ச்சி அளவையில் ஐந்து கூறுகள் உள்ளன: முயலாத எடைக் குறைவு, சோர்வு, பிடிவலிமைக் குறைவு, மெதுவான நடை, உடலுழைப்புக் குறைவு. மூன்று இருந்தாலே தளர்ச்சி என்று கொள்ளலாம். இவருக்கு முதல் நான்கும் ஐயத்துக்கு இடமின்றி இருந்தன. ஐந்தாவதைப் பற்றி உறுதியாக முடிவெடுக்க முடியவில்லை. உழைப்பை அளக்க அந்த ஆய்வில் பயன்பட்ட வினாப்பட்டியல் கோல்ஃபும் டென்னிஸும் ஆடுவதுண்டா என்று கேட்கும். எருக்கூடை சுமப்பதைப் பற்றியும் மாட்டுக்குப் புல் அறுத்துச் சுமப்பதைப் பற்றியும் அதில் ஒரு கேள்வியும் கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்ததை வீட்டார் வேலை என்றே எண்ணினார்கள். நான்கு கூறுகள் என்று மட்டும் பதிந்தேன்.

இரத்தச் சோதனையில் ஹீமோகுளோபின் 9.8 கிராம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.6, இரத்தப் புரதமான அல்புமின் 3.2 கிராம், சிறுநீரகச் செயலைக் காட்டும் கிரியாட்டினின் 0.9, தைராய்டு இயல்பு. அழற்சியை, அதாவது உடலின் நோயெதிர்ப்பு கிளர்ந்து நிற்பதைக் காட்டும் இரண்டு அளவைகளும் உயர்ந்திருந்தன: சி.ஆர்.பி. லிட்டருக்கு 18 மில்லிகிராம், இ.எஸ்.ஆர். 64. இரும்பின் கணக்குதான் விந்தையாக இருந்தது. சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 240, ஆனால் இரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரினில் 12 விழுக்காடு மட்டுமே நிரம்பியிருந்தது. வெறும் இரும்புச்சத்துக் குறைவாக இருந்திருந்தால் ஃபெரிட்டினும் இறங்கியிருக்க வேண்டும். குதிரில் நெல் இருந்தும் அடுப்பில் உலை ஏறாத வீட்டைப் போன்ற நிலை இது. உடலில் அழற்சி நீடிக்கும்போது இன்டர்லூக்கின்-6 என்ற செய்திப் புரதம் கல்லீரலை ஹெப்சிடின் சுரக்கச் செய்கிறது. ஹெப்சிடின், குடலிலிருந்தும் சேமிப்பு அணுக்களிலிருந்தும் இரும்பு வெளியேறும் வாயிலை அடைத்துவிடுகிறது. இவருடைய இரத்தசோகை உணவுக் குறைவால் மட்டும் வந்ததல்ல என்பதற்கு அந்தத் தாளிலேயே சான்று இருந்தது. அன்று அதை நான் முழுமையாக வாசிக்கவில்லை.

முதல் முடிவும் அதன் விளைவும்

சிறுநீர்ப் பரிசோதனையில் சீழணுக்கள் தென்பட்டன. வளர்ப்புச் சோதனையில் ஈ.கோலை என்ற நுண்ணுயிர் வளர்ந்தது. சி.ஆர்.பி. உயர்வுக்குக் காரணம் கிடைத்துவிட்டதாக எண்ணி ஏழு நாள் நுண்ணுயிர்க்கொல்லி எழுதினேன். இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரையும் சேர்த்தேன். இரண்டும் பிழை. எரிச்சலோ காய்ச்சலோ அடிக்கடி சிறுநீர் கழிக்கும் தொல்லையோ அவருக்கு இல்லை. வயது முதிர்ந்த பெண்களில், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளில், சிறுநீரில் நுண்ணுயிர் அறிகுறியின்றித் தங்கியிருப்பது மிகச் சாதாரணம். அதற்கு மருந்து தருவதால் நன்மை இல்லை என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. எனக்கும் தெரியும். ஆனால் தாளில் உயர்ந்து நின்ற ஓர் எண்ணுக்கு விடை தேடும் அவசரத்தில், தெரிந்ததைக் கைவிட்டேன்.

நான்காம் நாளே வயிற்றுப்போக்கு தொடங்கியது. இரும்பு மாத்திரையால் வாய் கசந்து, இருந்த பசியும் மங்கியது. மூன்று வாரம் கழித்து வந்தபோது எடை 40.1 கிலோ, சி.ஆர்.பி. 17. அதாவது ஒன்றும் மாறவில்லை, ஒரு கிலோ உடம்பு மட்டும் போயிருந்தது. இரும்பு மாத்திரையை நிறுத்தினேன். வலி மாத்திரையையும் நிறுத்தச் சொல்லிப் பாராசிட்டமாலை மட்டும் அனுமதித்தேன். சர்க்கரை நோயுள்ள முதியவரின் சிறுநீரகத்துக்கும் இரைப்பைக்கும் அந்த மாத்திரைகள் தரும் கேடு, முழங்காலுக்குத் தரும் நன்மையைவிடப் பெரிது.

அழற்சியின் ஊற்றைத் தேடியது

இந்த வயதில் எடைக் குறைவும் சி.ஆர்.பி. உயர்வும் சேர்ந்து வந்தால், "முதுமை" என்று சொல்வதற்குமுன் விலக்க வேண்டியவை சில உண்டு. காசநோய்க்காக மார்புப் படமும் சளிச் சோதனையும் பார்த்தோம், இல்லை. வயிற்று ஸ்கேனில் கட்டி இல்லை. மயலோமா என்ற எலும்பு மச்சைப் புற்றுநோயை விலக்கப் புரதப் பகுப்பாய்வு செய்தோம், அதுவும் இல்லை. காலையில் தோளும் இடுப்பும் விறைத்துப்போகும் பாலிமயால்ஜியாவின் அறிகுறியும் தலைவலியும் இல்லை. பாதத்தில் புண் இல்லை. இவற்றுக்கு இரண்டு வாரமும், அந்தக் குடும்பத்துக்குக் கணிசமான பணமும் செலவாயின.

விடை மருமகளிடமிருந்து வந்தது. என்ன சாப்பிடுகிறார் என்று மூன்றாம் முறையாகக் கேட்டபோது அவர் சொன்னார்: "அத்தை ஆறேழு மாசமா கொள்ளுப் பருப்பே தொடறதில்லீங்க. கோழிக்கறி வெச்சாலும் சாத்துல சோத்தைப் பிசைஞ்சு முழுங்கிக்கிறாங்க. களியும் மோரும் போதும்னுட்டாங்க." கடிக்க வேண்டிய எதையும் அவர் உண்ணவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தேன். அதற்குமுன் நாக்கின் நிறத்தைப் பார்த்ததோடு சரி. மீந்திருந்தவை ஒன்பது பற்கள். ஏழு பற்கள் விரல் பட்டாலே ஆடின. ஈறை அழுத்தினால் சீழ் கசிந்தது. கீழ்த்தாடையில் இரண்டு வேர்த்துண்டுகள் புதைந்து, ஒன்றின் அருகே ஈறில் சீழ் வடியும் துளை இருந்தது. வலிக்கவில்லையா என்றேன். "பல்லு ஆடறது வயசுக்கு ஆவறதுதானுங்களே, அதைப் போயி என்னத்தைச் சொல்றதுங்க" என்றார். மகன் முதுமையைப் பற்றிச் சொன்னதையே தாயும் பல்லைப் பற்றிச் சொன்னார்.

பல் மருத்துவரிடம் அனுப்பினேன். புகையிலைப் பழக்கம் இருந்ததால் கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடியையும் அவர் கவனமாகப் பார்த்தார். ஐயத்துக்குரிய புண்ணோ வெண்படலமோ இல்லை.

ஈறுக்கும் காலுக்கும் என்ன தொடர்பு

இந்த இடத்தில் சற்று நின்று விளக்க வேண்டும், ஏனெனில் குடும்பத்தார் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

ஈறு நோய் முற்றும்போது பல்லைச் சுற்றிப் பைகள் போன்ற பள்ளங்கள் உண்டாகின்றன. அவற்றின் உட்சுவர் புண்ணாகவே இருப்பதால், மெல்லும்போதும் பல் துலக்கும்போதும் நுண்ணுயிர்களும் அவற்றின் சிதைவுகளும் இரத்தத்தில் கலக்கின்றன. நோயெதிர்ப்பு அணுக்கள் ஓயாமல் இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற செய்திப் புரதங்களை வெளியிடுகின்றன. கல்லீரல் சி.ஆர்.பி.யை உற்பத்தி செய்வது இன்டர்லூக்கின்-6இன் ஏவலால்தான். இதே புரதங்கள் நாட்கணக்கிலன்றி மாதக்கணக்கில் உயர்ந்திருந்தால், தசைப் புரதம் சிதைவது விரைகிறது. உண்ட புரதம் தசையாக மாறும் திறன் மங்குகிறது. மூளையில் பசியைத் தூண்டும் இடம் அடங்குகிறது. எலும்பு மச்சைக்கு இரும்பு எட்டாமல் போகிறது. எடைக் குறைவு, சோர்வு, வலிமைக் குறைவு என்று ஃபிரைடின் அளவையில் தனித்தனியாக நிற்கும் கூறுகளுக்கு அடியில் இப்படி ஒரே நீரோட்டம் ஓடக்கூடும்.

ஓட்டம் எதிர்த்திசையிலும் உண்டு. உண்ட சர்க்கரையின் பெரும்பகுதியை உள்வாங்குவது தசை. தசை கரைந்தால் சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறினால் ஈறு நோய் முற்றும். நோய் ஏதும் இல்லாத முதியவர்களிடத்தும் அழற்சி மெல்லக் கனன்றுகொண்டிருப்பது உண்டு. இதற்கு இத்தாலியரான கிளாடியோ ஃபிரான்செஸ்கியும் உடனாய்வாளர்களும் 2000இல் இன்ஃப்ளமேஜிங் என்று பெயர் வைத்தார்கள். மூப்படைந்தும் மடியாமல் தங்கிவிடும் அணுக்கள் இத்தகைய புரதங்களைக் கசியவிடுவது அதற்கான காரணங்களுள் ஒன்று. அந்தக் கனலை இன்றைக்கு நம்மால் அணைக்க முடியாது. இவருக்கு அதன்மேல் ஈறு என்ற விறகும் சேர்ந்து எரிந்தது என்பது என் கணிப்பு. விறகை எடுத்துவிட முடியும்.

"அப்படீனா வீக்கத்தைக் குறைக்கற மாத்திரையே குடுத்தறலாமுங்களே?" என்று பேரன் கேட்டான். கைப்பேசியில் தேடிப் படித்துவிட்டுக் குர்குமின் மாத்திரைப் புட்டி ஒன்றையும் வாங்கி வந்திருந்தான். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள் விளையும் வீட்டுக்கு மஞ்சள் சத்து புட்டியில் வந்து சேர்ந்ததைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்ததை மறைக்கவில்லை. குர்குமின் ஆய்வகத்தில் அழற்சியை அடக்குவது உண்மை. ஆனால் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. தளர்ந்த முதியவரை அது நடக்கவைக்கும் என்பதற்குச் சான்று இல்லை, செறிவூட்டிய மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு நேர்ந்த நிகழ்வுகளோ பதிவாகியிருக்கின்றன. பாலில் மஞ்சள் போடுவது தொடரட்டும், புட்டி வேண்டாம் என்றேன். ஆஸ்பிரினையும் கேட்டான். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,000க்கு மேற்பட்ட நலமான முதியவர்களிடம் நடந்து 2018இல் முடிவு வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வில், நாளுக்கு 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் ஊனமின்றி வாழும் காலத்தை நீட்டவில்லை. பெரும் இரத்தக்கசிவு கூடியது. சி.ஆர்.பி.யை இறக்குவது நோக்கமல்ல, அதை ஏற்றுவதை நீக்குவதே நோக்கம் என்று விளக்கியபின் ஏற்றுக்கொண்டான்.

எடுத்த முடிவுகள்

பல் பிடுங்குவதற்குக் குடும்பம் எளிதில் இசையவில்லை. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் மங்கும் என்ற அச்சம் மூதாட்டிக்கு இருந்தது. ஆடி மாதம் போகட்டும் என்றார் மகன். சர்க்கரை கட்டுக்குள் வரட்டும் என்று நானும் ஒரு தயக்கம் வைத்திருந்தேன். ஆனால் ஈறு புண்ணாக இருக்கும்வரை சர்க்கரை இறங்குவதும் கடினம் என்பதால் முழுக் கட்டுப்பாட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று பல் மருத்துவரும் நானும் பேசி முடிவுசெய்தோம். பசியைக் குறைக்கக்கூடிய மெட்ஃபார்மினைப் பாதியாக்கி, இரவில் சிறிதளவு இன்சுலினைத் தொடங்கினேன். தளர்ந்த முதியவருக்குத் தாழ்சர்க்கரை மிகவும் ஆபத்தானது என்பதால் ஹெச்பிஏ1சி 8க்குக் கீழ் இருந்தால் போதும் என்று இலக்கைத் தளர்த்திக்கொண்டேன். ஆவணியில் மூன்று அமர்வுகளில் ஏழு பற்களும் இரண்டு வேர்த்துண்டுகளும் எடுக்கப்பட்டன. மற்ற இரண்டு பற்களையும் ஈறுச் சுத்திகரிப்பால் காப்பாற்றினார் பல் மருத்துவர்.

உணவில் எங்கள் கணக்கு புரதத்தைப் பற்றியது. நோயுற்ற முதியவருக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவை. 40 கிலோ உடம்புக்கு 48 முதல் 60 கிராம். அவர் உண்டது 25 கிராமைத் தாண்டவில்லை. இரண்டு மாடு கறக்கும் வீட்டில், பால் முழுவதும் சொசைட்டிக்குப் போக, காப்பிக்கு ஊற்றிய அளவுதான் அவருக்குக் கிடைத்திருந்தது. யாரும் மறுக்கவில்லை, அவரே அப்படிப் பழகியிருந்தார். நாளுக்கு அரை லிட்டர் பாலை வீட்டிலேயே நிறுத்துவது, இரண்டு முட்டை, ஊறவைத்து வேகவைத்து நன்றாகக் கடைந்த கொள்ளோ பச்சைப்பயறோ ஒரு கிண்ணம் என்று வகுத்தோம். கொள்ளு ரசமே போதும் என்று மருமகள் எண்ணியிருந்தார். வேகவைத்த நீரில் மணம் இறங்குமே தவிரப் புரதத்தின் பெரும்பங்கு கொள்ளிலேயே தங்கிவிடும் என்பதை எடுத்துச் சொன்னேன். வெள்ளியும் அமாவாசையும் முட்டை கிடையாது. அன்று பாலும் தயிரும் கூடும்.

பயிற்சிக்குக் கருவி எதுவும் வாங்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, கட்டுத்தரைக்கும் வாசலுக்கும் நடப்பது; வாரத்தில் ஐந்து நாள். ஒன்று இங்கே குறிப்பிடத் தகும்: உழைக்கும் தசையும் இன்டர்லூக்கின்-6ஐ வெளியிடுகிறது. ஆனால் அது சிறிது நேரமே நீடித்து, அழற்சியை அடக்கும் வேறு புரதங்களைத் தூண்டிவிட்டு அடங்குகிறது. ஒரே பொருள் மாதக்கணக்கில் தேங்கினால் தசையை அரிக்கிறது, உழைப்பின்போது மட்டும் வந்துபோனால் நன்மை செய்கிறது.

தொடர்ந்து நடந்தவை

கடைசிப் பல்லை எடுத்து மூன்று மாதம் கழித்து, 2023 திசம்பரில், சி.ஆர்.பி. 7ஆகவும் இ.எஸ்.ஆர். 38ஆகவும் இறங்கியிருந்தன. ஹெச்பிஏ1சி 7.7. இரும்பு மாத்திரை ஏதுமின்றி ஹீமோகுளோபின் 10.7க்கு ஏறியிருந்தது, எடை 42.3 கிலோ. பசி திரும்பியதை எல்லோருக்கும் முன் கண்டவர் மருமகள். ஆனால் பிடிவலிமை 12.5 கிலோ, நடை வினாடிக்கு 0.65 மீட்டர், முன்னைக்கு ஏறத்தாழ ஒன்றுதான். காரணம் கேட்டால், ஐப்பசி, கார்த்திகை மழையில் வாசல் வழுக்கும் என்று பயிற்சியை நிறுத்தியிருந்தார்கள். மஞ்சளுக்கு மண் அணைக்கும் வேலையும் பால் வேலையுமாக மருமகளுக்கும் ஓய்வில்லை. அழற்சி தணிந்தும் வலிமை கூடாத அந்த மூன்று மாதங்கள்தான் இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் கற்றுக்கொடுத்தவை. தடை நீங்கியது, ஆனால் தசையை வளர்க்கும் வேலையை யாரும் செய்யவில்லை.

பொங்கலுக்குப்பின் ஆசாரம் எனப்படும் வீட்டுக் கூடத்துக்குள்ளேயே பயிற்சியை மாற்றினோம். மருமகள் மாலையில் பால் கறந்து வந்ததும் இருவரும் சேர்ந்து செய்வது என்று வைத்துக்கொண்டார்கள். 2024 மார்ச்சில் பிடிவலிமை 15 கிலோவாகவும் நடை 0.8 மீட்டராகவும் உயர்ந்தன. ஏப்ரலில் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தார். எழுந்தபோது பிடிவலிமை 13க்குப் போயிருந்தது. இரண்டு மாதத்தில் சேர்த்ததை ஏழு நாளில் இழந்து, மீட்க மறுபடியும் இரண்டு மாதம் பிடித்தது. காய்ச்சலின்போது சி.ஆர்.பி.யைப் பார்க்கவில்லை, அது உயரும் என்பது தெரிந்ததே, அதைக்கொண்டு எதையும் மாற்றியிருக்க மாட்டேன்.

2024 செப்டம்பரில், பல் எடுத்து ஓராண்டு நிறைந்தபோது, எடை 44 கிலோ, சி.ஆர்.பி. 5, ஹீமோகுளோபின் 11.4, பிடிவலிமை 16 கிலோ, நடை 0.85 மீட்டர். நான்கு கூறுகளில் வலிமைக் குறைவு மட்டும் எஞ்சியிருந்தது. தளர்ச்சி நிலையிலிருந்து தளர்ச்சிக்கு முந்தைய நிலைக்கு வந்திருந்தார். கட்டுத்தரைக்குத் தனியாகப் போய்வருகிறார், தண்ணீர் காட்டுகிறார். புல்லுக்கட்டைத் தூக்குவதில்லை, இனித் தூக்குவார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

எதை மாற்றியிருப்பேன்

முதல் நாளே வாயைப் பார்த்திருப்பேன். அதற்கு ஒரு நிமிடமும் ஒரு கைவிளக்கும் போதும். நானோ மூன்று சந்திப்புகளையும் ஸ்கேனையும் கடந்தபின் அங்கே வந்துசேர்ந்தேன். எனினும் காசநோய்க்கும் புற்றுநோய்க்கும் செய்த சோதனைகளை வீண் என்று சொல்ல மாட்டேன். ஈறில் சீழ் இருப்பதாலேயே அவை இல்லையென்று ஆகிவிடாது. சிறுநீர் அறிகுறி இல்லாதவருக்குச் சிறுநீர் வளர்ப்புச் சோதனை எழுதுவதை இப்போது நிறுத்திவிட்டேன். சி.ஆர்.பி. உயர்ந்திருந்தால், இடையில் வந்த சளி, காய்ச்சல் அடங்க நாள் விட்டு மறுபடி பார்த்தபின்னரே தேடலைத் தொடங்குகிறேன். சர்க்கரை நோய்க்காக வரும் 65 வயதைக் கடந்த எல்லோருக்கும் எடையோடு பிடிவலிமையையும் நடைவேகத்தையும் நோட்டில் எழுதிவைக்கிறோம். இவருக்கு முகாமில் பதிந்த அந்த 46 கிலோ இல்லாதிருந்தால் எவ்வளவு இழந்தார் என்பதே தெரிந்திருக்காது.

இந்த ஒரு நிகழ்வைக்கொண்டு ஈறு நோயே அவருடைய தளர்ச்சிக்குக் காரணம் என்று நிறுவ முடியாது. பல் எடுத்ததும், இன்சுலினும், அரை லிட்டர் பாலும், வலி மாத்திரையை நிறுத்தியதும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் நடந்தன. சர்க்கரை இறங்கினாலே சி.ஆர்.பி. ஓரளவு இறங்கும். ஓரளவு பிரித்துக் காண முடிந்தது பயிற்சியின் பங்கை மட்டுமே, அதுவும் மழை தயவால்.

தீராமல் நிற்பவை இரண்டு. புகையிலையை விட்டுவிட்டார், பாக்கை விடவில்லை. மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் பல்செட் செய்து கொடுத்தாகிவிட்டது. மேல்செட் பொருந்திவிட்டது, கீழ்செட் உறுத்துகிறதென்று விசேஷத்துக்குப் போகும்போது மட்டும் மாட்டிக்கொண்டு, சாப்பிட உட்காரும்போது கழற்றி வைத்துவிடுகிறார். அதைத் தேய்த்துச் சரிசெய்ய அடுத்த மாதம் பல் மருத்துவரிடம் மறுபடியும் போக வேண்டியிருக்கிறது. அதுவரை கொள்ளைக் கடைந்தே கொடுக்கிறார் மருமகள்.